அண்ணனின் முட்டை

அமெரிக்காவில் இர்விங் அபார்ட்மெண்டில் அன்று நானும், முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்திருந்த ரூம்மேட் செந்திலும், பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் இருந்தோம். விசா கிடைக்காத அவன் மனைவி மட்டும் இல்லை. முட்டை வேகும் வாசனைக்கு ஆன்ட்டி பதறினார்.

"புண்ணுக்கு முட்டையா? சீழ் வெச்சிடும்பா!"

ஊரில் என் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். சின்ன வயதில் அண்ணனின் காலை முள்கம்பி கிழித்தபோது வெறும் ரசம்சோறுதான் பத்தியம். புண் ஆறவேயில்லை. "முட்டை, பருப்பு குடும்மா, சதை வளரணும்ல" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் திட்டிய பிறகு தினமும் அவனுக்கு ஒரு முட்டை.

"எனக்கு?"

"உனக்கென்ன புண்ணா இருக்கு?"

அவன் மஞ்சள் கருவைக் கடைசிவரை மிச்சம்வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே தின்பான். அந்தக் கம்பி என்னைக் கிழித்திருக்கக் கூடாதா என்று பொருமுவேன்.

ஆன்ட்டியிடம் நர்ஸ் சொன்னதைச் சொல்லிவிட்டு, செந்திலுக்கு இரண்டு உரித்தேன், எனக்கு மூன்று. டஜன் முட்டையே தொண்ணூறு சென்ட்தான்.