ஒற்றைப் பிள்ளைக்கு ஒரு குப்பி

ஊசியக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படி ஒரு வாய்! இருபத்தாறு வருஷமாக அதே சுகாதார மையத்தில், அதே ஜன்னலோர மேஜையில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். பிள்ளை வீறிட்டால், "கத்துடா ராஜா, என் காது செவிடாகி ரொம்ப நாளாச்சு" என்பாள். அம்மாக்காரி கண்ணைக் கசக்கினால்தான் கோபம் வரும். "நீ அழாத, பிள்ளை பயப்படுது" என்று ஓர் அதட்டு. ஊசி இறங்கியதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கை அப்படி.

அப்பேர்ப்பட்டவளும் ஒருநாள் சறுக்கினாள். தட்டம்மைக்கான மருந்து சின்னக் குப்பியில் பொடியாக வரும். நீர் விட்டுக் கலக்கினால் ஆறு மணி நேரம்தான் அதற்கு ஆயுசு. ஒரு குப்பியில் பத்துப் பிள்ளைகளுக்குப் போடலாம். மீந்ததைக் கொட்ட வேண்டியதுதான். கொட்டினால் மேலதிகாரி வறுத்தெடுத்துவிடுவார். அதனால் ஒன்றிரண்டு பேராக வந்தால் வேறு நாளுக்கு வரச்சொல்வது அங்கே பழக்கமாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பின்தெரு ஐந்து மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் தையல்காரி, அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒத்தப் பிள்ளைக்கு உடைக்க முடியாதும்மா. வெள்ளிக்கிழமை வா, கூட்டம் சேரும்."

"வெள்ளிக்கிழமை லீவு தர மாட்டாங்கக்கா."

"கேட்டுப் பாரு, தருவாங்க."

தரவில்லை. மூன்று வாரத்தில் அந்தக் கட்டடத்தில் தட்டம்மை புகுந்தது. முதலில் விழுந்தவன் அந்தப் பையன்தான். காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, பிறகு நுரையீரல். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட அன்று ஊசியக்கா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள்.

மறுநாளே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மையத்து இளம் டாக்டரோடு அந்தக் கட்டடத்துக்குப் போனாள். ஊசி போடாத பிள்ளைகள் அங்கே நாற்பத்து மூன்று பேர். ஒரு கதவும் திறக்கவில்லை. மாடிப்படியில் ஒருவர் நின்று கத்தினார்: "தேடி வந்தப்போ விரட்டிட்டு, இப்போ வாசல்ல வந்து நிக்கிறீங்களா? வெட்கமா இல்ல?"

டாக்டர் காதோடு சொன்னார்: "அன்னிக்கு மருந்து ஸ்டாக் இல்லன்னு சொல்லிடலாம்க்கா. அடங்கிடுவாங்க."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க டாக்டர்" என்றாள். படிக்கட்டின் அடியில் நின்று, ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி குரலை எடுத்தாள்.

"அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினது நான்தான்! மருந்து இருந்துச்சு. கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. ஒருத்தனுக்காகக் குப்பிய உடைக்க எனக்கு மனசு வரல. தப்பு என்னுது. என்னைத் திட்டுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க."

நான்காவது மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். தையல்காரிதான். ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவள், பையோடு அப்படியே நின்றாள். ஊசியக்காவை ஒரு பார்வை பார்த்தாள். மன்னித்த பார்வை அல்ல. பிறகு மேலே அண்ணாந்து சொன்னாள்:

"எல்லாரும் இறங்கி வாங்க. என் மகன் மூச்சுக்குத் தவிக்கிறதப் பார்த்திருந்தா இப்படிக் கதவைச் சாத்த மாட்டீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அன்று நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். நாற்பத்து மூன்றில் மீதி இருந்த ஒரே பிள்ளை, அம்மாவோடு வேறு எங்கோ போயிருந்தது.

மறுநாள் மையம் மூடும் நேரம். ஐஸ் பெட்டியைக் கட்டி வைக்கும்போது வாசலில் நிழல் ஆடியது. தையல்காரி, இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றாள்.

"பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை, நேத்து ஊர்ல இல்லாதது. அவளுக்கு லீவு கிடைக்கல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில நான் தூக்கிட்டு வந்தேன்" என்றாள். பெட்டியையே பார்த்தபடி, "ஒத்தப் பிள்ளைதான்."

ஊசியக்கா புதுக் குப்பி ஒன்றை எடுத்து உடைத்தாள். கலக்கினாள். போட்டாள். குழந்தை வீறிட்டது. மீதி ஒன்பது பேருக்கான மருந்து மேஜைமேல் நின்றது.

"என் மகன் இன்னிக்குக் காலையில தண்ணி கேட்டான்க்கா" என்றாள் தையல்காரி.

ஊசியக்கா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதீங்க. பிள்ளை பயப்படுது."

பையன் பிழைத்தான். இடது காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. அந்த மேஜையிலிருந்து அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் ஊசி போடாமல் திரும்பிப் போனதில்லை. மேலதிகாரியிடம் வாங்கின திட்டெல்லாம் தனிக்கதை. இப்போது பள்ளிக்கூடம் போகும் அந்தப் பையன், எப்போதாவது மையத்துக்கு வருவான். எத்தனை கூட்டம் இருந்தாலும் ஊசியக்கா எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் வந்து நின்றுதான் பேசுவாள்.