வரிசையில் சித்தப்பாவின் இடம்

பதுளையில் வெயில் கொளுத்தினாலும், அப்புத்தளைப் பக்கம் மேகம் கறுத்தால் உடனே ஊருக்குப் போன் போட்டுவிடுவேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் பெரகலைக்கு மேலே சரிவை ஒட்டி இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்க்க ஓர் இணையப் பக்கம் செய்து தரும்படி டிவிஷன் தலைவர் என்னைக் கேட்டார். நான் பதுளை டவுனில் இணையதளம் செய்யும் ஆபீஸில் வேலை பார்ப்பவள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பள்ளி வாசலில் வருபவர்களைத் தலைவர் தன் போனில் டிக் பண்ணுவார். சர்வர் லயத்து ஆட்களின் பெயர்களை, வந்தாரா இல்லையா என்ற குறிப்போடு, ஒரே வரிசையாகப் பிரவுசருக்கு அனுப்பும். அங்கே நான் எழுதிய ஸ்கிரிப்ட் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை எண்ணிக்கொண்டு போய், வராதவர்களைச் சிவப்பில் எழுதும். சிவப்பில் எழுத யாரும் இல்லையென்றால் ‘எல்லாரும் வந்தாச்சு’ என்று பச்சையில் காட்டும். இந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் போனில் பார்ப்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் சித்தப்பா இறந்தார். தலைமாட்டில் ஏற்றிய விளக்கு கருமாதி வரை அணையக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சித்தி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. எண்ணெய் ஊற்ற வேறு ஆள் கிடையாது.

எழவு வீட்டுக்கு வந்த தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தங்கச்சி, அடுத்த மழைக்குச் செத்த மனுசன் பேரு செகப்புல வந்தா சனம் பயந்துரும். எடுத்துரலாமா?”

சித்தியின் காதில் அது விழுந்துவிட்டது. “கருமாதி முடியட்டுங்க. அதுவரைக்கும் அவரு இங்கதான் இருக்காரு” என்றாள்.

நான் எடுக்கவில்லை. ஆனால் தலைவர் மகராசன் பொறுப்பாரா? நான் பதுளைக்குத் திரும்பியதும் தன் போனில் சித்தப்பா பெயருக்கு நேரே இருந்த ‘நீக்கு’ பட்டனை அவரே அமுக்கிவிட்டார்.

ரெண்டு நாளில் எச்சரிக்கை வந்தது. மத்தியானம் ஆபீஸிலிருந்து பக்கத்தைத் திறந்தேன். பச்சை. அப்பாடா என்று இருந்தது. நல்ல வார்த்தை நாலு சொல்லலாம் என்று சித்திக்குப் போன் போட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம். பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம், தகரக் கூரை லயத்துக்குத்தான்.

“சித்தி, எங்க இருக்கீங்க?”

“வீட்லதான் புள்ள. வெளக்க வுட்டுட்டு எப்படி வர்றது?”

போனைக் காதில் இடுக்கியபடியே சர்வர் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் இருந்தன, சித்தியின் பெயரும் இருந்தது. சித்தப்பாவுடையதைக் காணோம். நடுவில் ஒருவரைத் தூக்கிவிட்டால் சர்வர் பெயர்களை வரிசையாக அனுப்பாது. ஒவ்வொரு பெயரிலும் ஓர் எண்ணை ஒட்டிப் பொட்டலமாக அனுப்பும். எத்தனை பேர் என்று அந்தப் பொட்டலத்தைக் கேட்டால் பதில் வராது. பதில் வராததை என் ஸ்கிரிப்ட் ‘ஒருவரும் பாக்கி இல்லை’ என்று எடுத்துக்கொண்டது. எத்தனையோ தடவை சோதித்த பக்கம்தான். என் சோதனைகளில் யாரும் செத்ததில்லை.

தலைவருக்குப் போன் அடித்தேன். “பேஜ்ல எல்லாரும் வந்தாச்சுன்னு இருக்கே தங்கச்சி” என்றார் சாவகாசமாக.

“பேஜக் குப்பையில போடுங்க தலைவரே! சித்தி லயத்துல இருக்காங்க. ஓடுங்க!” என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

கையோடு சித்தப்பாவைப் பழைய இடத்திலேயே திரும்பச் சேர்த்தேன். வரிசை மறுபடி முழுதானதும் பச்சை போய் இரண்டு பெயர் சிவப்பில் வந்தது, புருசனும் பெண்சாதியும் ஒருவர் கீழ் ஒருவராக. அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். இன்றைக்கும் முழுதாக நம்பாமல் இல்லை.

தலைவரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். வரமாட்டேன் என்றவளை, விளக்கையும் எடுத்துக்கொள் என்று சொல்லித்தான் கிளப்பினார்களாம். சித்தி அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, குடைக்கடியில் மேடேறியிருக்கிறாள். அவர்கள் பள்ளிக்கூடத்தை எட்டுவதற்குள் மண் இறங்கி அந்த வீட்டின் பின்சுவரைத் தள்ளிவிட்டது.

சாயந்தரம் தலைவரின் போனில் சித்தி பேசினாள். பிழைத்துக்கொண்ட ஆளின் குரலாக அது இல்லை.

“பாதி வழியில வெளக்கு அணைஞ்சிருச்சு புள்ள. இனி அவரு பேர எடுத்துரு.”

ஸ்கிரிப்டை அன்றே திருத்திவிட்டேன். இப்போது யாரை நீக்கினாலும் மற்றவர்கள் மறைய மாட்டார்கள். சித்தப்பாவை எடுக்கத்தான் மனசு வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும், எல்லோரும் மேடேறிய பிறகு, அவர் பெயர் மட்டும் சிவப்பில் நிற்கிறது. சித்தி அதைப் பார்க்கிறாள். எடுக்கச் சொல்லி அவள் மறுபடி கேட்கவில்லை.