உடை மாற்றும் அறை

ராயபுரத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து என்னை அழைத்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் மந்தமாகிவிட்டது, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார் முதலாளி. கம்ப்யூட்டரில் நடந்த குற்றத்தின் தடயத்தைத் தோண்டி எடுப்பதுதான் என் வேலை.

வெளியாள் யாரும் நுழைந்திருக்கவில்லை. சூப்பர்வைசரின் கம்ப்யூட்டர்தான் ஓயாமல் எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஃபோல்டரைத் திறந்தேன். இறால் உரிக்கும் பெண்கள் உடை மாற்றும் அறை. கேமராவை ஃபேனுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தான். ஒவ்வொரு வீடியோவையும் அந்தந்தப் பெண்ணின் பெயரிலேயே சேமித்திருந்தான். சில பெயர்களுக்கு மார்க் வேறு போட்டிருந்தான்.

இந்தத் தொழிலில் எவ்வளவோ அசிங்கம் பார்த்தாயிற்று. ஆனால் அதே பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதலாளியிடம் சொன்னேன். "அழிச்சிடுங்க மேடம். அவனை வேலைய விட்டு அனுப்பிடறேன். ஃபாரின் பார்ட்டிக்குத் தெரிஞ்சா ஆர்டர் போயிடும்."

"அந்தப் பொம்பளைங்களுக்குச் சொல்ல வேணாமா?"

"எதுக்கு மேடம்? மனசு கஷ்டப்படுவாங்க."

அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறைதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கைப் பிரதி எடுத்து சீல் வைத்தேன். பிறகு உரிக்கும் கூடத்துக்குப் போய், அங்கிருந்தவர்களில் வயதான அம்மாவைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையுறையைக் கழற்றினார்.

"தெனம் அக்கா அக்கானு கூப்ட்டுகினு இருந்தான்மா," என்றார். "வா, டேசனுக்குப் போலாம்."

ஸ்டேஷனில், "வீடியோவப் போடுங்க, பாத்தாத்தானே கேஸ் எழுத முடியும்," என்றார் போலீஸ்காரர் ஒருவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் வேறு நான்கைந்து ஆண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் லேப்டாப்பை மூடினேன்.

"லேடி ஆபீசர் வரட்டும் சார்."

வெகுநேரம் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்து வழக்குப் பதிவு செய்தார். சூப்பர்வைசரைக் கைது செய்தார்கள். ஆனால் வீடியோக்கள் யார் யார் கைக்குப் போயின என்பதை என்னால் முழுதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து, தண்டையார்பேட்டையில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் அந்த அம்மா இருந்தார். புடவையெல்லாம் இறால் தண்ணீர். பக்கத்திலிருந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"துணி மாத்த புது ரூம் கட்டிக் குட்துகிறாங்கமா, நல்லாத்தான் கீது," என்றார். "எவளும் உள்ள போறதில்ல. இப்டியே வூட்டுக்கு வந்துர்றோம்."