ஷிஃப்ட் மாறியவருக்கு அம்மா கொடுத்தனுப்பிய இட்லி

எங்கள் அம்மா பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, பள்ளிக் கேன்டீனில் சமைத்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். அதிகம் பேசாத அந்த அம்மா, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போன பிறகு நல்ல வாயாடியாகிவிட்டார்.

டயாலிசிஸ் சென்டரில் காலை ஷிஃப்டுக்குக் காத்திருக்கும் பெஞ்சில் எல்லாச் சேதியும் கிடைக்கும். கீரையை எப்படி வேகவைத்து வடிப்பது, தாகத்துக்கு எத்தனை ஐஸ் கட்டி, நர்ஸ்களில் எந்த மிஸ்ஸி வலிக்காமல் ஊசி குத்துவார், எல்லாம். டாக்டர் சொன்னதைக்கூட அம்மா அங்கே ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் நம்புவார். ஒரு சேதியை மட்டும் அங்கே யாரும் நேராகச் சொல்வதில்லை. யாராவது இறந்துவிட்டால், "ஷிஃப்ட் மாறிட்டாங்க" என்பார்கள். புதிதாக வந்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

அம்மாவும் நம்பினார். பக்கத்து நாற்காலி அக்கா மாலை ஷிஃப்டுக்கு மாறிவிட்டார் என்று, உப்பில்லாமல் இட்லி கட்டி, நான் வேலை முடிந்து வரும்போது கொடுத்துவிடச் சொன்னார். போனேன். அவர் இறந்து ஒரு வாரமாகிறது என்று மிஸ்ஸி சொன்னார். அதே நோய், அதே மெஷின். தெரிந்தால் அம்மா சிகிச்சையே வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்துபோனேன். கொடுத்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

அதன்பிறகு சிகிச்சை நாளெல்லாம் காலையில் டப்பா தயாராக இருக்கும். பெட்டாலிங் ஜெயா அலுவலகத்துக்கு எடுத்துப் போவேன். கொட்ட மனம் வராமல் மத்தியானம் நானே சாப்பிடுவேன். அக்கா சுகம் விசாரித்ததாக வேறு அளந்துவிடுவேன். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

கடைசி நாட்களில், மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து அழுதபடி உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்லா. அவங்க மருமக பதினாறாம் நாளுக்குக் கூப்பிட்டுச்சு. உனக்குன்னு கட்டிக் கொடுத்தா வேணாம்னு ஓடிடுவ. மத்தியானம் பட்டினி கிடப்ப."



அம்மாவைப் பார்த்துக்கொண்ட மிஸ்ஸிகளுக்கும், வேனில் ஏற்றி இறக்கிய டிரைவர் அண்ணனுக்கும், இறுதிச் சடங்கில் கூட நின்ற சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காலை ஷிஃப்ட் பெஞ்சுக்கு நானே நேரில் போனேன். ஷிஃப்ட் மாறிவிட்டார் என்று யாரும் சொல்வதற்கு முன், அம்மா இறந்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொன்னேன்.  பிறகு ஒரு ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இனிமே மத்தியானத்துக்கு என்னம்மா சாப்பிடுவ?"