கத்தி படாத முதுகு

"கத்தி படாத முதுகு ஒண்ணுகூட என் மேசையத் தாண்டினதில்ல!"

காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மருத்துவச் செலவுக் கோரிக்கைகளை அனுமதிக்கும் எங்கள் அதிகாரி டீக் கோப்பையை உயர்த்திப் பிடித்து முழங்கியபோது, அவர் கீழ் வேலை செய்யும் நாங்கள் கைதட்டினோம். இருபத்திரண்டு வருடம்! மலையைக் குடைந்தவர்கள் உண்டு. ஒற்றை மேசையை வைத்துக்கொண்டு ஊர் முதுகையெல்லாம் தடுத்து நிறுத்தியவர் வேறு யார்? 'கத்தரி' என்று பட்டப்பெயர் வைத்ததுகூட பயபக்தியோடுதான்.

அவர் முறை எளிது. முதுகில் ஆபரேஷனா, அனுமதி. பிசியோதெரபி, இடுப்பு பெல்ட் என்றால் நிராகரிப்பு. யாராவது நேரில் வந்து வாதாடினால் முழங்காலுக்கும் தணிந்த ஒரு முக்காலியைக் காட்டி, உட்கார்ந்து எழச் சொல்வார். எதையும் பிடிக்காமல் எழுந்தால், "அப்புறம் எங்க வலி?" மேசையைப் பிடித்து எழுந்தால், "பேசாம ஆபரேஷன் பண்ணிக்குங்க." பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் வெற்றி அவருக்கே.

ஒரு நாள், ஓட்டல் துணிகளுக்கு இஸ்திரி போடும் பெண்மணி ஒருவர் வந்தார். ஆபரேஷன் தேவையில்லை, பத்து முறை பிசியோதெரபி போதும் என்று டாக்டர் எழுதியிருந்தார். கைக்காசில் நாலு முடிந்திருந்தது. மீதி ஆறும் முடிந்தால் வேலைக்குத் திரும்பலாம். இல்லையேல் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

கத்தரி முக்காலியைக் காட்டினார்.

"நீங்க ஒரு தடவை உக்காந்து காட்டுங்க சார். அதே மாதிரி செய்றேன்."

மாடியே எழுந்து எட்டிப் பார்த்தது. எங்கள் மேசைச் சக்கரவர்த்தி முக்காலியில் இறங்கினார். இறங்கியவர் எழவில்லை; இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் நாங்கள் கண்டிராத ஒரு நிறம் வந்தது.

"ஐயையோ, வெடுக்குனு எழுந்திரிக்காதீங்க! முன்னாடி நகருங்க. காலை உள்ள இழுங்க. இப்ப மூச்சை விட்டுட்டே எழுந்திரிங்கண்ணே... எனக்கே நாலாவது தடவைதான் சொல்லிக் குடுத்தாங்க."

எழுந்துவிட்டார்! எதையும் பிடிக்காமல்! இரும்பு மிதந்ததைப் பார்த்தவர்கள்போல் நின்றோம்.

"கத்தி வைக்காமலே சரியாகுமா?" என்றார் கத்தரி.

"எனக்கு ஆகுதே. நீங்க எங்களுக்குக் குடுத்த விதி புக்குல நாப்பத்தோராம் பக்கத்துலயே போட்டிருக்கு, டாக்டர் எழுதினா பிசியோதெரபிக்கும் உண்டுன்னு."

கத்தரி தன் விதிப்புத்தகத்தை எடுத்தார். அச்சகத்தில் வெட்டுப்படாமல் அந்தப் பக்கம் பக்கத்துத் தாளோடு இருபத்திரண்டு வருடமாக ஒட்டிக் கிடந்தது. ஸ்கேலை நுழைத்துக் கிழித்தார். நின்றபடியே, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார்.

"காலை எவ்வளவும்மா உள்ள இழுக்கணும்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

பிறகு அனுமதி முத்திரையைக் குத்தி, மேசையைச் சுற்றி மெல்ல நடந்துவந்து, அந்தப் பெண்மணியின் ஃபைலை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அனுமதித் தட்டில் தாமே வைத்தார்.