முருகன் படத்துக்குப் பின்னால் செருகிய மருந்துச் சீட்டு

இரண்டு வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. டவுனில் ஒரு பல் டாக்டர், பல்லில் கையே வைக்காமல் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி நின்றது. ராசியான சீட்டு என்று விபூதி தடவி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். அப்புறம் எப்போது வலித்தாலும் அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கினோம்.

இந்தப் பங்குனியில் அவர் காவடிக்கு மாலை போட்டிருந்தபோது மறுபடியும் வலி. "மாலை போட்ட ஒடம்பு, முருகன் பாத்துக்குவான்" என்று அதே மாத்திரையைப் போட்டார். மூன்றாம் நாள் தாடை வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பதறிப்போய் அரியலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே பல் டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். "சீட்டுக்கு விபூதி பூசுனீங்க, பல்லை விட்டுட்டீங்களேம்மா! அன்னைக்கே பல்லுக்கு வைத்தியம் பண்ணியிருந்தா இந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. இப்ப வீக்கம் கழுத்துக்கு எறங்குது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்" என்றார். உடனே சீழை எடுத்து, பல்லைப் பிடுங்கி, ஊசி மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது பல் வலித்தால் நேரே டாக்டரிடம்தான் போகிறோம். மாத்திரை எழுதினால், "இது எதுக்குங்க?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

பங்குனியில் தவறிய காவடியை ஆடிக் கிருத்திகைக்கு எடுத்தார். அன்று டாக்டரம்மா பெயருக்கு அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் நட்சத்திரத்தையே சொன்னேன். யாருக்கென்று முருகனுக்குத் தெரியும்.

– ஒரு வாசகி, திருமானூர்