கைப்பிடி இல்லாத சமையலறை

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் அவள். எந்த உறை, எந்த விரிப்பு கேட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பாள். நர்சுகள் அவளுக்கு ‘அலமாரி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கைப்பழக்கம்தான் அவளைக் காப்பாற்றியது. இரண்டு வருடமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. போன பார்வை போனதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் முதல் வேலையாக அடுப்பைப் பிடுங்கிக்கொள்வார்கள். சமையலறையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கென்று என்ன இருக்கிறது?

சமையலறை அலமாரிகளின் கைப்பிடிகள்தான் அவளுக்குக் கண். நெளிந்திருந்தால் கரண்டி டிராயர். விளிம்பில் கீறல் இருந்தால் பருப்பு. நூல் சுற்றியது எண்ணெய்.

ஒருநாள் மகன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். “பாரும்மா, நம்ம சமையலறையை இப்படி மாத்தப்போறோம். இப்ப இதுதான் புதுசு. தரை, சுவர், கதவு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கைப்பிடியே கிடையாது. லேசா அழுத்தினா தானா திறக்கும்.”

அவளுக்குத் தெரிந்தது ஒரு வெளிச்சம் மட்டும்தான். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

கதவு மாட்ட வந்த தச்சர் விவரமானவர். அவள் சுவரைத் தடவிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்ததைக் கவனித்துவிட்டார். “அம்மா, ரெண்டு கதவுல மட்டும் கைப்பிடி வெச்சிடட்டுமா?”

“ஐயோ, கைப்பிடியா!” மருமகள் சிரித்தாள். “சமையலறை மூஞ்சியே கெட்டுடும்ணே. ஏன் அத்தே, உங்களுக்கு வேணுமா?”

வேண்டும் என்றால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும்.

“எனக்கெதுக்கு? நீங்க அவ சொன்னபடியே செய்ங்க,” என்றாள்.

தச்சர் வேலையை முடித்தார். கழற்றிய பழைய கைப்பிடிகளை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் உப்பைத் தேடி ஏழு கதவுகளைத் திறந்தாள். மறுநாள் ஆளில்லாத நேரம் பார்த்து, மெழுகுவர்த்தியை உருக்கிக் கதவு மூலைகளில் பொட்டு வைத்தாள். உப்புக்கு ஒன்று, பருப்புக்கு இரண்டு. அடுத்த நாலு நாளும் கை தடுமாறவில்லை. குரலில்கூட ஒரு தெம்பு வந்திருந்தது.

ஐந்தாம் நாள் மருமகள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். “கதவு மாட்ட வந்தவங்க சுத்தமே இல்ல அத்தே! கதவெல்லாம் மெழுகு. ஒண்ணுவிடாம சுரண்டி, வெந்நீர் போட்டுத் துடைச்சிட்டேன். இப்பத்தான் பளிச்சுனு இருக்கு.”

அவள் போய்த் தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. மறுபடி வைத்தால் மறுபடி சுரண்டுவாள். வைத்தது யார் என்றும் கேட்பாள்.

“முழங்கால் சரியில்லம்மா. இனிமே சமையலை நீயே பாத்துக்கோ,” என்றாள் மருமகளிடம்.

மகன் சிரித்தான். “இவ்வளவு அழகா செஞ்சு குடுத்தப்புறம்தான் மகாராணிக்கு ஓய்வெடுக்கத் தோணியிருக்கு!”

அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டாள். நெளிந்தது, கரண்டி. கீறல், பருப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

உள்ளிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். “அத்தே, உப்பு எந்தக் கதவுல?”

“ஒவ்வொண்ணா அழுத்திப் பாரும்மா,” என்றாள்.